தொண்ணூற்றொன்பதால் வகுபடும் எண்

அந்தப் பத்து இலக்க எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்நேரம் அது வேறு யார் கைக்காவது போயிருக்கும். ஏதோ ஓர் ஊரில் ஒருவர் அந்த எண்ணிலிருந்து தன் மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அவரை எதற்கு இதில் இழுப்பது? அந்த எண் ஒன்பதாலும் வகுபடும், பதினொன்றாலும் வகுபடும். இதற்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆறாவது படித்தேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் மொத்தம் பதினேழு வீடுகள். பள்ளிக்கூடம் அங்கிருந்து எட்டு மைல் தள்ளி இருந்தது. விடுதியில் தங்கிப் படித்து, லீவு விட்டால் வீட்டுக்கு வருவேன். ஒரு எண் எதனால் மீதியில்லாமல் வகுபடும் என்பதை வகுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் வழிகளை அந்த வருடம்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி இலக்கம் இரட்டையாக இருந்தால் இரண்டால் போகும். எல்லா இலக்கங்களையும் கூட்டி வருவது ஒன்பதால் போனால் முழு எண்ணும் ஒன்பதால் போகும். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு கூட்டமாகக் கூட்டி, இரண்டும் சமமாக வந்தாலோ பதினொன்று வித்தியாசத்தில் வந்தாலோ பதினொன்றால் போகும். மற்ற பிள்ளைகளுக்கு இது பரீட்சைக்கான பாடம். எனக்குப் பேய் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. பேருந்தின் நம்பர் பலகை, மின்கம்பத்தில் அடித்திருந்த எண், ரேஷன் அட்டை, சத்துணவு அரிசி மூட்டையில் அச்சடித்தது என்று கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. ஒன்பதால் போகிறவை நிறையக் கிடைத்தன. பதினொன்றால் போகிறவை கொஞ்சம் கிடைத்தன. ஒன்பது, பதினொன்று இரண்டாலுமே போகிற பெரிய எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று அப்படித்தான் இருக்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று அது ஏதோ காட்டுக்குள் ஒளிந்திருக்கும் விலங்கைப் போல எனக்குத் தோன்றியது.

அந்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்குக் கிளம்பினார். ஆந்திராப் பக்கம் கிணறு வெட்டும் வேலை, பதினைந்து நாள், சாப்பாடு அவர்களே போடுவார்கள் என்று ஒடுகத்தூர்ச் சந்தையில் பார்த்த மேஸ்திரி சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து அப்பா மட்டும்தான் போனார். வண்டியில் மற்ற ஊர்களிலிருந்து ஒருவர், இருவராக ஆட்கள் இருப்பார்கள் என்றார்கள். ஒரே ஊரில் பல பேரை ஏன் எடுக்கவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அம்மா கேட்டது வேறு ஒன்று. அப்பா துணிப்பையில் ஒரு லுங்கியும் சட்டையும் மட்டும் திணித்துக்கொண்டிருந்தார். ஆதார் அட்டையை எடுத்து வந்து நீட்டிய அம்மாவிடம், "அதெல்லாம் வேணாமாம். எந்தக் காயிதமும் எடுத்தார வேணான்னு மேஸ்திரி சொன்னாரு" என்றார்.

"கெணறு வெட்றவன்கிட்ட அட்டை இருந்தா அவருக்கு இன்னாவாம்?"

"தொலஞ்சி போய்டும்னு சொல்லியிருப்பாரு. சாமை களையெடுப்புக்குள்ள வந்துட்றேன்."

அம்மா அட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் அப்போது செல்போன் கிடையாது. அவசரம் என்றால் கூப்பிட மேஸ்திரி தன் எண்ணை அப்பாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தார். வியர்வையில் அழிவதற்குள் அதைச் சுவரில் எழுதச் சொல்லி அப்பா கையை விரித்து நீட்டினார். அடுப்புக்கரியை எடுத்து, கதவுக்குப் பக்கத்து மண்சுவரில் பெரிது பெரிதாக எழுதினேன். எழுதும்போதே வாய் இலக்கங்களைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. வாசலுக்கு ஓடி, குச்சியால் மண்ணில் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். இரண்டால் போகவில்லை. ஐந்தால் போகவில்லை. மொத்தத்தைக் கூட்டினால் ஒன்பதால் போனது. ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே தொகை.

"யப்பா! மேஸ்திரி நம்பரு ஒம்பதுலயும் போவுது, பதினொண்ணுலயும் போவுது!"

அப்பா களி உருண்டையை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "நான்தான் போறேன். அது இன்னாத்துக்குப் போவுது?"

தொண்ணூற்றொன்பதால் போகும் எண் அப்படியெல்லாம் கிடைக்காது, இது நல்ல எண் என்று விளக்கினேன். நல்லது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. தேடியது கிடைத்த சந்தோஷத்தில் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா? நல்ல நம்பராம்" என்றார். வளைவில் ஜீப் ஹாரன் அடித்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பதினைந்து நாள் முடிந்தது. இன்னொரு வாரமும் போனது. சாமைக்குக் களையெடுப்பு வந்தது, அம்மா தனியாக எடுத்தாள். நான் விடுதியில் இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது. ஆடிப் பண்டிகைக்கு லீவு விட்டு வீட்டுக்கு வந்தபோது சுவர் முழுக்கப் புதுச் செம்மண் பூசியிருந்தது. பண்டிகைக்கு முன்பு பூசுவது வழக்கம். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனாலும் கரியால் எழுதிய இடத்தைச் சுற்றி ஒரு பட்டையை விட்டு, மேலும் கீழும் ஒதுங்கி ஒதுங்கிப் பூசியிருந்தாள். அந்தப் பட்டையின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் அவள் கை தவறியிருந்தது. நான்கு விரல் அகலத்துக்குச் செம்மண் உள்ளே வழிந்து காய்ந்திருந்தது.

"யம்மா, நடுவுல ரெண்டு நம்பரைக் காணோம்."

அடுப்பருகே இருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். "மிச்சம் கீதே? ரெண்டு இல்லன்னா இன்னா?"

ரெண்டு இல்லையென்றால் எதுவுமே இல்லை என்று சொன்னேன். நகத்தால் மண்ணைச் சுரண்டினாள். செம்மண்ணோடு சேர்ந்து கரியும் உதிர்ந்து வந்தது. அதற்கு மேல் சுரண்ட வேண்டாம் என்று நான்தான் அவள் கையைப் பிடித்தேன். அப்பா வரவேண்டிய நாள் கடந்து மூன்று வாரம் ஆகிறது என்பதை அப்போதுதான் சொன்னாள்.

பண்டிகைக்கென்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பாவுக்கு நேர் இளையவர், கல்யாணம் ஆகாதவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவரிடம் செல்போன் இருந்தது. ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மத்தியானம் மூன்று பேரும் ஏறினோம். சுவரில் இருந்த எட்டு இலக்கங்களையும் நான் நோட்டில் எழுதி, நடுவில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தேன்.

"ரெண்டு இடம்தானே? ஒண்ணொண்ணா அடிச்சிப் பாத்துட்லாம் அண்ணி" என்றார் சித்தப்பா. இரண்டு காலி இடத்துக்கு நூறு விதம் வரும் என்றேன். "நூறு பேருகிட்ட பேசிட்டுப் போறேன்" என்றார்.

முதலில் எடுத்தது தெலுங்கு பேசும் ஒரு பெண். அடுத்தது ஒரு குழந்தை. ஃபோனை வைக்கவே மாட்டேன் என்றது. மூன்றாவதாக எடுத்தவர், சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் கெட்ட வார்த்தையில் திட்டினார். நான்காவது எண் உபயோகத்தில் இல்லை. அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணின் குணம் ஞாபகத்துக்கு வந்தது. இலக்கங்கள் மறந்துவிட்டன, ஆனால் ஒன்பதாலும் பதினொன்றாலும் போனது மறக்கவில்லை. "சித்தப்பா, அடிக்காதே. இரு" என்று கத்தினேன்.

நோட்டில் கணக்கைப் போட்டேன். இருக்கும் எட்டு இலக்கங்களையும் கூட்டினால் நாற்பது. ஒன்பதால் போக வேண்டுமானால் அது நாற்பத்தைந்தாகவோ ஐம்பத்துநான்காகவோ ஆக வேண்டும். ஆகவே அழிந்த இரண்டும் சேர்ந்து ஐந்து, இல்லையென்றால் பதினான்கு. அடுத்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். ஒரு பக்கம் இருபத்தொன்று, மறுபக்கம் பத்தொன்பது. அழிந்ததில் முதலாவது இருபத்தொன்றோடு சேரும், இரண்டாவது பத்தொன்பதோடு சேரும். இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமானால் இரண்டாவது இலக்கம் முதலாவதைவிட இரண்டு கூட இருக்க வேண்டும். கூட்டினால் ஐந்தும் வித்தியாசம் இரண்டும் வருகிற முழு எண்கள் கிடையாது. கூட்டினால் பதினான்கு, வித்தியாசம் இரண்டு என்றால் ஆறும் எட்டும். பதினொன்று வித்தியாசத்தில் வருமா என்றும் பார்த்தேன். அதற்கு ஒன்பதும் பூஜ்யமும் வேண்டும்; கூட்டினால் ஒன்பதுதான் வரும், ஆகாது. நூறு விதத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"அறுபத்தெட்டு" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வத்தோடு நான் எதையும் சொன்னதில்லை.

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடித்தார். மணி போனது. வெகுநேரம் போன பிறகு யாரோ எடுத்தார்கள். எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கவில்லை, சித்தப்பா பேசியது மட்டும் கேட்டது.

"வணக்கங்க, மேஸ்திரிங்களா? ஜவ்வாது மலையிலேர்ந்து பேசுறேங்க. எங்க அண்ணன் உங்களோட கெணறு வேலைக்கு வந்தாருங்களே…" அண்ணன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னார். ஃபோனைக் காதில் அழுத்திக் கேட்டார். "ஆமாங்க, கூடப் பொறந்த தம்பிதாங்க." மறுபடி கேட்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆமாங்க… அண்ணி பக்கத்துலதான் கீறாங்க."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாப்பா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"ராங் நம்பராம் அண்ணி."

மறுபடி அடித்தார். எடுத்து உடனே வைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை அடித்தபோது ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் சொன்னதாகச் சொன்னார்.

அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "ராங் நம்பர்தானே? வேற யாரோ எடுத்துட்டாங்க, அவ்ளோதானே?"

"ஆமா அண்ணி, வேற யாரோதான். பாப்பா போட்ட கணக்கு தப்பாப் போச்சு. வேற நம்பரு அடிச்சிப் பாக்கலாம்." அதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையுமே பார்க்கவில்லை, கீழே காட்டைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கணக்கு தப்பாம்! நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் சொல்கிறார். நோட்டை அம்மாவின் மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னேன். அவளுக்குப் புரியாது என்பதால் கூழாங்கற்களைப் பொறுக்கிப் பாறைமேல் இரண்டு குவியலாக வைத்தேன். இந்தக் குவியலில் ஆறு, அந்தக் குவியலில் எட்டு. எங்கே ஒரு கல்லை மாற்றி வைத்தாலும் ஒன்று ஒன்பது கெடும், இல்லையென்றால் பதினொன்று கெடும். இதுதான் மேஸ்திரியின் நம்பர். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"சும்மா இரு பாப்பா" என்று அதட்டினார் சித்தப்பா. அவர் என்னை அதட்டியது அன்றுதான் முதல் தடவை.

அம்மா கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற எதுவும் வராதாடி?" என்றாள்.

"வராதும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீ அவசரத்துல போட்டுட்டிருப்ப."

நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து போட்டேன். ஆறும் எட்டும் வந்தன.

"அன்னைக்கு நீ சொன்னது பத்தோ பன்னெண்டோ? பதினொண்ணுன்னு உனக்கு நல்லா ஞாபகம் கீதா?"

"நல்லா கீதும்மா. அப்பாகிட்டச் சொன்னேன் இல்ல? நீகூட கேட்டியே. ரெண்டுலயே போவல, அப்புறம் எப்படிப் பன்னெண்டுல போவும்?"

"இன்னொருவாட்டி போட்டுப் பாரு, கண்ணு."

அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறவள் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன். நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "அதேதாம்மா. அறுபத்தெட்டுதான். ஃபோன எடுத்த ஆளு பொய் சொல்றான்."

சித்தப்பா பாறையின் மறுபக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அம்மா கைக்கு எட்டிய ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கீழே யாரோ ஆடுகளை அதட்டி ஓட்டும் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"நீ கௌம்புப்பா" என்றாள் சித்தப்பாவிடம். "உன் அண்ணன் போட்டோவும் அட்டையும் பெட்டியில கீது. ஒடுகத்தூருக்குக் கடைசி வண்டி கெடைக்கும், அங்கேர்ந்து ஆந்திராவுக்குப் போயி தேடு."

"அண்ணி, அவசரப்படாதீங்க. வந்துடுவாரு…"

"கௌம்பு."

சித்தப்பா போனார். என்னை அவர் பாராட்டாமலே போனது எனக்கு மனக்குறை. அம்மா அன்றைக்குச் சோறாக்கினாள், எனக்குப் போட்டாள், தான் சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் இரண்டு ஆடுகளையும் பக்கத்து வீட்டில் ஓட்டி விட்டாள். வீட்டைக் கழுவினாள். அத்தைக்குச் சொல்லியனுப்பினாள். இதெல்லாம் பண்டிகை வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் சித்தப்பா வந்தார். வளைவு வரைக்கும்தான் வேன் வரும். அங்கிருந்து அப்பாவை ஊர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாத ஆள் என்று போட்டு வைத்திருந்தார்களாம். சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காட்டுக்குள் பாறையிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிணறு வெட்டப் போனவர் காட்டுக்குள் ஏன் போனார், யாருக்காக எந்த மரத்தை வெட்டினார் என்பதையெல்லாம் சித்தப்பா அங்கே யாரிடம் கேட்டார், கேட்டாரா, எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. நாங்கள் பாறையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட நாளில் அப்பா இறந்து ஒன்பது நாளாகியிருந்தது.

ஊரே அலறியது. அத்தை மண்ணில் விழுந்து புரண்டாள். அம்மா அதிகம் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கும் அது ஒரு புதிராகத்தான் இருந்தது. நான் அழுத அளவுக்குக்கூட அவள் அழவில்லையே என்று அவள்மேல் எனக்கு வருத்தம். எல்லோருக்கும் அன்று வந்த சாவு அவளுக்கு ஆறு நாள் முன்பே, பாறையின்மேல், பட்டப்பகலில், ராங் நம்பர் என்று வைத்தவர் மேஸ்திரியேதான் என்று நான் நிரூபித்தபோதே வந்துவிட்டது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். சில நாள் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். அப்புறம் ஒருநாள் கணக்கு வகுப்பில், வகுபடும் விதிகளால் என்ன பயன் என்று யாரோ கேட்க, நான் கையைத் தூக்கினேன். கரும்பலகையில் எட்டு இலக்கங்களையும் இரண்டு காலிக் கட்டங்களையும் போட்டு, அழிந்ததை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று செய்து காட்டினேன். அது யாருடைய எண், எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. வகுப்பே கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த மாதம் அம்மா என்னைப் பார்க்க விடுதிக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சீத்தாப்பழங்களைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். கைதட்டல் கதையை அவளிடம் சொன்னேன். முதல் தடவையே சரியாகப் போட்டிருந்தேன், நீதான் நம்பாமல் மூன்று தடவை போட வைத்தாய் என்றும் குற்றம் சொன்னேன்.

அவள் பழத்தைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். "ஆமா. நீ சரியாத்தான் போட்டிருந்த" என்றாள்.

என் திறமையில் அவளுக்கு அன்று நம்பிக்கை வரவில்லை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். அப்படியில்லை; நான் எங்காவது ஓரிடத்தில் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்ப என்னைக் கெஞ்சினாள். எனக்கு ஒரு தடவைகூடத் தப்பாக வரவில்லை.